நகமும் குதிகாலும்

சவுண்டக்கா எந்த மைக்கைக் கையில் எடுத்தாலும் முதலில் நகத்தால் சுண்டிப் பார்ப்பாள். அவள் மட்டுமல்ல, மேடைக்கு ஒலி அமைக்கிற தொழிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் அது பழக்கம். டக் டக் என்று காதில் விழுந்துவிட்டால் போதும், கம்பி சரி, பெட்டி சரி, உலகமே சரி என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். நாடக அரங்கில் வருஷக்கணக்காகச் சுண்டிச் சுண்டியே அவளுடைய ஆள்காட்டி விரல் நகம் ஒரு பக்கம் தேய்ந்து போயிருந்தது. அந்த நகத்தை நம்பித்தான் அன்றைக்கு அவள் மோசம் போனாள்.

மத்தியானம் அரங்கில் வேலையாக இருந்தபோது தம்பி மனைவியிடமிருந்து போன் வந்தது. அந்தப் பெண்ணுக்கு இயல்பிலேயே சன்னமான குரல். "வாயைத் திறந்து பேசினா முத்தா உதிர்ந்துடும்?" என்று சவுண்டக்கா எத்தனையோ தடவை அவளைக் கடிந்திருக்கிறாள். அன்றைக்கும் அதே சன்னக் குரல்தான்.

"அக்கா, கிடங்கு இடிஞ்சு விழுந்துடுச்சு. அவர் கீழ இருக்கார்."

தம்பி குழாய் வேலை செய்கிறவன். வீட்டிலும் வெளியிலும் அவனுக்குப் பெயரே 'குழாய்' என்றாகிவிட்டது. மரச்சாமான் கடைக்காரரின் பழைய கிடங்கில், தரைக்குக் கீழே இருக்கிற அறையில் பம்ப் ஓடவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில் மூன்று மாடியும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டது.

மீட்புக் குழு வந்துவிட்டது, ஆனால் இடிபாட்டுக்குள் சத்தம் கேட்கிற கருவி அவர்களிடம் இல்லை. வேறொரு ஊருக்குப் போயிருந்த அது திரும்பி வந்துகொண்டிருந்தது, எப்போது வந்து சேரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது தம்பி மனைவிதான் குழுத் தலைவரிடம் போய், எங்கள் அக்காவிடம் தரைக்குக் காது வைக்கிற வில்லை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். நடனம் ஆடுகிறவர்களின் காலடி கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று மேடைப் பலகைக்கு அடியில் சவுண்டக்கா, அதிர்வைச் சத்தமாக்குகிற பித்தளை வில்லைகளை ஒட்டி வைத்திருந்த கதையைக் குழாய் தன் வீட்டில் ஊதிப் பெருக்கிச் சொல்லி வைத்திருந்தான்.

சவுண்டக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்தும் அலமாரியில் இருந்த வில்லைகள், சின்ன ஒலி மிக்சர், ஹெட்போன் எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டாள். வாசலை எட்டியபோது நடுப்பெட்டி ஞாபகம் வந்தது. வில்லைக்கும் மிக்சருக்கும் நடுவில் வைக்கிற சின்னப் பெட்டி அது. மேடைக்கு அடியில் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். இருட்டில் குனிந்து கழற்றுவதற்கு யாருக்குப் பொறுமை? அடாப்டர் என்கிற ஒரு முனை மாற்றியைப் போட்டால் வில்லையின் கம்பி நேராகவே மிக்சரின் மைக் துளையில் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்துகொண்டால் சரி என்று ஓடினாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

கிடங்கு இருந்த இடத்தில் புழுதி இன்னும் அடங்கவில்லை. முன்பக்கத்துக் கான்கிரீட் தளம் ஒரு பக்கமாகச் சரிந்து படுத்திருந்தது. அதற்கு நேர் கீழேதான் பம்ப் அறை. பின்பக்கம், உள்ளே வெகு தள்ளி, சுமை தூக்குகிற மூன்று பேர் மாட்டியிருந்தார்கள். காற்றுத் துளை வழியாக அவர்கள் குரல் வந்துகொண்டிருந்தது. தண்ணீர்க் குழாய் உடைந்து அவர்கள் நின்ற இடத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டுப் பெண்கள் கயிற்றுக்கு அப்பால் நின்று துளையைப் பார்த்து ஏதேதோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

குழுத் தலைவர் புருவமெல்லாம் புழுதி படிந்த நெட்டையான மனிதர். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். முன் தளத்தை இடிபாடு அள்ளும் மெஷினால் தூக்கினால் அந்த மூன்று பேரிடம் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் தளத்தைத் தூக்கினதும் மேலே இருக்கிற குப்பை கூளமெல்லாம் பம்ப் அறைக்குள் சரிந்து இறங்கும். அங்கே யாராவது உயிரோடு இருந்தால் அதோடு முடிந்தது. பின் சுவரைக் கையால் குடைந்துகொண்டு போனால் யாருக்கும் ஆபத்தில்லை, ஆனால் நேரம் பிடிக்கும், தண்ணீர் அதுவரை காத்திருக்க வேண்டும்.

"கீழ உயிர் இருக்குன்னு நீங்க சொன்னா கையால போறோம் மேடம். இல்லைன்னா மெஷின்தான். கேட்டுச் சொல்லுங்க."

சரிந்த தளத்தின்மேல் ஏறி மண்டியிட்டு, தூசியைத் துணியால் துடைத்து, வில்லையை டேப் போட்டு ஒட்டினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நகத்தால் சுண்டினாள். டக் டக். கண்ணாடியில் கல் பட்டதுபோல அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. அப்பாடா என்று மூச்சு வந்தது.

தலைவர் விசில் ஊதினார். எல்லா எஞ்சினையும் அணைத்தார்கள். நடந்துகொண்டிருந்தவர்கள் நடந்த இடத்திலேயே நின்றார்கள். துளைக்குப் பக்கத்தில் இருந்தவர் உள்ளே இருந்த மூவரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். ஒரு மீட்பு ஆள், தரைக்குள் இறங்கும் இரும்புக் குழாயைச் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டினார். சவுண்டக்காவின் காதில் அது ணங் ணங் என்று வந்து மண்டையைத் துளைத்தது. பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஒன்றும் வரவில்லை. மணலைச் சலிப்பது போன்ற வெறும் இரைச்சல் மட்டும் காதில் ஓடியது. அவள் வில்லையை வேறு இடத்தில் ஒட்டினாள், நகத்தால் சுண்டினாள், மறுபடி தட்டச் சொன்னாள். ஒலியைக் கூட்டினாள். இரைச்சல்தான் கூடியது. தளத்தின் ஓரத்துக்கே ஊர்ந்து போய் அங்கேயும் ஒட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு சத்தத்துக்காக அவள் இப்படி ஏங்கினதில்லை. கடவுளே, ஒரு முனகலாவது கொடு என்று கெஞ்சினாள்.

கயிற்றோரமாக நின்றிருந்த தம்பி மனைவி கண்ணைக்கூட இமைக்காமல் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துளையிலிருந்து யாரோ தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது என்று அலறினார்கள். தலைவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"சொல்லுங்க மேடம்."

ஒரு பொய் போதும். கேட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் மெஷின் நின்றுவிடும். நாக்கு நுனி வரைக்கும் அந்தப் பொய் வந்துவிட்டது. சவுண்டக்கா நிமிர்ந்து கயிற்றுக்கு அப்பால் பார்த்தாள். அந்த மூவரின் வீட்டுப் பெண்களும் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லாத தம்பிக்காக இருக்கிற மூன்று பேரை முழுக அடிப்பதா? அவளால் முடியவில்லை.

"ஒண்ணும் கேக்கல," என்றாள்.

தலைவர் அவள் தோளை லேசாகத் தொட்டுவிட்டு எழுந்து போனார். தம்பி மனைவி கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தாள். யாரும் தடுக்கவில்லை.

"நல்லாக் கேட்டீங்களா அக்கா?"

"கேட்டேம்மா."

அந்தப் பெண் இருந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால்கூடச் சவுண்டக்காவுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

விசில் ஒலித்தது. மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. சவுண்டக்கா தளத்தைவிட்டு இறங்கவில்லை, ஹெட்போனையும் கழற்றவில்லை. கழற்றினால் தம்பியைக் கைவிட்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது. மெஷினின் இரும்புப் பட்டை இடிபாட்டின்மேல் ஏறியதும் தளம் அதிர்ந்தது. முழங்கால் வழியாக ஏறின அதிர்வில் அவள் பல் ஒன்றோடொன்று மோதியது. பக்கத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன பாட்டிலில் தண்ணீர் ஆடியது.

காதில் மட்டும் அந்த அதிர்வு இல்லை.

சிறு கற்கள் உருளுகிற சிச்சிச் சத்தம் கேட்டது. ஆனால் முழங்காலையே ஆட்டுகிற அந்தத் திம் திம் எங்கே போனது? அவள் உள்ளங்கையைத் தளத்தில் வைத்துப் பார்த்தாள். கைக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதிகாலால் தளத்தை ஓங்கி மிதித்தாள். கால்தான் வலித்தது. காதில் மணல் சலிப்பு மாறவே இல்லை. குனிந்து நகத்தால் சுண்டினாள். டக் டக். முத்துப் போலக் கேட்டது.

தப்பு அவள் கம்பியை மாட்டின விதத்தில்தான் இருந்தது.

இது அவளுக்குத் தெரியாத விஷயம் என்றால்கூடப் பரவாயில்லை. வேலை பழக வருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம்: கொடுக்கிற கருவிக்கும் வாங்குகிற கருவிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும், அதுதான் இம்பீடன்ஸ். பித்தளை வில்லை பாவம், நோஞ்சான். அது கொடுக்கிற மின்சாரம் ஒரு துளி. மிக்சரின் மைக் துளையோ பெருந்தீனிக்காரன், கொடுப்பதையெல்லாம் உறிஞ்சுகிறவன். இரண்டையும் நேராகச் சேர்த்தால் நோஞ்சானால் ஈடுகொடுக்க முடியாது. கீச்சென்ற மேல் சத்தம் மட்டும் எப்படியோ தப்பி வரும், கனமான அடிச் சத்தம் முழுக்கச் செத்துவிடும். அதற்காகத்தான் அந்த நடுப்பெட்டி. அது மெல்ல, கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும், வில்லையை வருத்தாது. நகமும் சுத்தியலும் மேல் சத்தம், அதனால் கேட்டது. ஒரு மனுஷன் கையாலோ காலாலோ கான்கிரீட்டை இடித்தால் அது அடிச் சத்தம்.

அவள் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு மெஷினுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கிக் கன்னாபின்னாவென்று திட்டினார். தலைவர் ஓடி வந்தார்.

"நான் சொன்னது தப்பு. மெஷினை நிறுத்துங்க."

தலைவர் கோபப்பட்டிருந்தால் அவள் சமாளித்திருப்பாள். அவர் இரக்கப்பட்டார், அதுதான் கஷ்டமாக இருந்தது. உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது, கூடப் பிறந்தவர் என்றால் யாருக்கும் மனசு கேட்காது, ஆனால் அங்கே மூன்று உயிர் இருக்கிறது என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லி, அவளை நகர்த்த ஒரு ஆளையும் கூப்பிட்டார்.

அவள் அவர் கையைப் பிடித்து வில்லைக்குப் பக்கத்தில் இழுத்துப் போனாள். அவர் திகைத்துப்போய் நின்றார். ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, நகத்தால் சுண்டினாள்.

"கேக்குதா?"

"கேக்குது."

"இப்ப உங்க பூட்ஸால மிதிங்க. பலமா மிதிங்க."

அவர் மிதித்தார். ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு இன்னும் ஓங்கி மிதித்தார். தளத்திலிருந்து காரை உதிர்ந்தது. ஹெட்போனை ஒரு காதில் விலக்கினார், வைத்தார், மறுபடி மிதித்தார். அவர் முகத்தில் இருந்த இரக்கமெல்லாம் வடிந்துபோனது.

"அப்ப இவ்வளவு நேரம் நீங்க எதைத்தான் கேட்டீங்க?"

"இரும்புச் சத்தத்தை மட்டும். அவன் இரும்பால தட்டியிருந்தா கேட்டிருக்கும். கையால தட்டியிருந்தா எனக்குக் கேட்டிருக்காது. அவசரத்துல தப்பா மாட்டிட்டேன். தப்பு என்னோடது."

தலைவர் ஓட்டுநரைப் பார்த்துக் கையை மடக்கினார். மெஷின் இருந்த இடத்திலேயே நின்றது, எஞ்சின் மட்டும் ஓடியது. துளைப் பக்கம் ஒரு பம்ப் போட்டுத் தண்ணீரை இறைக்கச் சொன்னார். அவளிடம் ஒரே ஒரு தடவைதான் என்று விரலைக் காட்டினார். சரி செய்ய என்ன வேண்டும் என்று கேட்டார்.

அரங்கு பாலத்துக்கு அந்தப் பக்கம். போய்க் கழற்றிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவள் வாய்விட்டே யோசித்தாள்: கிட்டார் சொருகுகிற மாதிரி ஒரு துளை வேண்டும், அந்தத் துளைதான் மெல்ல வாங்கும், இந்த இடத்தில் அதற்கு எங்கே போவேன்?

"நம்ம வீட்டுல அவரோட கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி இருக்கே அக்கா. அது ஆகுமா?"

தம்பி மனைவி எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. மெஷின் இரைச்சலில் அந்தச் சன்னக் குரல் எப்படிக் காதில் விழுந்தது என்றும் தெரியவில்லை. குழாய்க்குக் கிட்டார் பைத்தியம். விரல் மட்டும் எந்தக் காலத்திலும் வசப்படவில்லை. ஒரே பாட்டை வருஷக்கணக்காக வாசித்து, ஒரே இடத்தில் தப்பு விடுவான். அந்தச் சனியனைத் தூக்கி எறியுங்கள் என்று அவள் சண்டை போட்டு, கடைசியில் பெட்டியை வாளிகளோடு பரணில் ஏற்றிவிட்டாள். வீடு அடுத்த தெருவில்தான்.

"ஆகும். ஓடு."

ஒரு மீட்பு ஆளின் பைக்கில் அவள் ஏறிப் போனாள். சவுண்டக்கா தளத்தில் குந்தியபடி முனை மாற்றியைப் பிடுங்கி எறிந்தாள். துளையிலிருந்து வந்த குரல்கள் இப்போது கத்தவில்லை, தண்ணீர் எதுவரை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தன. கயிற்றுக்கு அப்பால் ஒரு பெண், எவளோ ஒருத்தியின் தம்பிக்காக எங்கள் வீட்டுக்காரரைச் சாக விடுவீர்களா என்று தலைவரைப் பார்த்துக் கேட்டாள். அவள் கேட்டதில் என்ன தப்பு? கீழே ஒன்றும் இல்லை என்றால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று சவுண்டக்கா நினைத்தாள். கீழே இருக்கிறான் என்றால் தம்பி முகத்தில் எப்படி விழிப்பேன் என்றும் நினைத்தாள்.

பைக் வந்தது. தம்பி மனைவி பெட்டியைக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தலையெல்லாம் பரணின் ஒட்டடை. உள்ளே பேட்டரி செத்திருந்தது. நாடகத்துக்காரர்கள் பையில் எது இல்லாவிட்டாலும் பேட்டரி இருக்கும். மாற்றினாள். வில்லையின் கம்பியைப் பெட்டியின் கிட்டார் துளையில் சொருகினாள், ஹெட்போனை மாட்டினாள். விரல் தானாக வில்லையை நோக்கிப் போனது. மடக்கிக்கொண்டாள். எழுந்து குதிகாலால் மிதித்தாள்.

தொம்.

வயிற்றுக்குள் இறங்கியது அந்தச் சத்தம். மெஷினின் எஞ்சின், பம்பின் அதிர்வு, தெருவில் போகிற வண்டி எல்லாம் ஒன்றாகக் காதுக்குள் வந்து விழுந்தன. அவள் தலைவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

விசில். எஞ்சின்கள் நின்றன. தண்ணீர் இறைக்கிற பம்பையும் நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தியபோது கயிற்றுப் பக்கம் ஒரு விம்மல் எழுந்து அடங்கியது. இரும்புக் குழாயில் மூன்று தட்டு.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றுமில்லை. எங்கோ தண்ணீர் சொட்டியது. தன் முழங்கால் நடுங்குவதுகூடக் கேட்டது. இன்னும் ஒன்றுமில்லை. தலைவர் மூச்சை இழுத்து விசிலை வாய்க்குக் கொண்டு போனார்.

தொம்.

அவள் கையைத் தூக்கினாள்.

தொம். தொம். அவ்வளவுதான். மூன்று. களைத்துப்போன, தூரத்துச் சத்தம். அவள் ஹெட்போனைக் கழற்றித் தலைவரிடம் நீட்டினாள், சுத்தியல்காரருக்கு இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு தட்டு விழுந்தது. தலைவர் குனிந்து காத்திருந்தார். சற்றுப் பொறுத்து அவர் உதடு ஒன்று, இரண்டு என்று அசைந்தது.

"மெஷினைக் கீழ இறக்கு," என்று ஓட்டுநரிடம் கத்தினார். "எல்லாரும் பின் சுவருக்கு வாங்க. பம்பைப் போடு."

தம்பி மனைவி ஹெட்போனைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள். அதன் பிறகு யார் கேட்டும் தரவில்லை. பேட்டரி தீர்கிறவரை அந்தத் தளத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பின் சுவரைக் கையாலேயே குடைந்தார்கள். பொழுது சாயும்போது, தண்ணீர் மார்புக்கு மேல் ஏறிய நிலையில், மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள். வாய் விட்டுக் கேட்ட அந்தப் பெண் தன் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு சவுண்டக்காவைத் தேடிப் பார்த்தாள். இவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இன்னும் உள்ளே குடைந்து, இருட்டும் நேரத்தில் பம்ப் அறையிலிருந்து குழாயை வெளியே கொண்டு வந்தார்கள்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் சுண்ணாம்புப் பொம்மை மாதிரி இருந்தான். இடது கால் நசுங்கியிருந்தது. கை இரண்டும் உடம்புக்கு அடியில் மாட்டி வீங்கியிருந்தன. மனைவியைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். அப்புறம் அக்காவைப் பார்த்தான்.

"நீயா மேல இருந்த?"

"நான்தான்டா."

"முதல்ல தட்டினதும் உங்க ஆளுங்கதானா? மூணு மூணாத் தட்டினாங்களே."

"ஆமா."

"எல்லாத்துக்கும் பதில் சொன்னேனேக்கா. கேக்கலையா?"

இம்பீடன்ஸ், நடுப்பெட்டி, நோஞ்சான், பெருந்தீனிக்காரன் எல்லாம் அவனிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

"கேக்கலடா. ஒண்ணும் இல்லைன்னு நான்தான் சொல்லிட்டேன்."

"மெஷின் ஏறினப்போ தெரிஞ்சுது," என்றான். "சரி, விட்டுட்டாங்கன்னு நினைச்சேன். ஆனாலும் தட்டறதை நான் நிறுத்தல."

ஆம்புலன்ஸ்காரர் அவன் வலது கால் பூட்ஸைக் கழற்றி, வேண்டாத சாமான் மாதிரி சவுண்டக்காவின் கையில் கொடுத்தார். அவனை வண்டியில் ஏற்றியதும் தம்பி மனைவி உள்ளேயிருந்து ஏறுங்கள் அக்கா என்று கூப்பிட்ட பிறகுதான் அவள் குனிந்து அதைப் பார்த்தாள். அவன் அசைக்க முடிந்தது அந்த ஒரு காலைத்தான். குதிகால் ரப்பர் முழுக்கத் தேய்ந்து பிய்ந்துபோய், உள்ளே இருந்த அட்டையும் கிழிந்து, ஓட்டை வழியாக அவள் விரல் உள்ளே போனது.